மெஸ்கீட் மரத்தில் ரைபிள் ஸ்டாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைபிளின் குழலையும் ஆக்‌ஷனையும் தாங்கி, தோளில் வந்து பதியும் மரக்கட்டைதான் ஸ்டாக். ஆக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதி. காலங்காலமாக இதற்கு வால்நட் மரத்தையே பயன்படுத்தி வருகிறார்கள். அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட நிலத்து மரமான மெஸ்கீட்டில் ஸ்டாக் செய்துகொள்ள நினைப்பவர்களும், தாங்களே செதுக்க விரும்புபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் மரவேலை சம்பந்தப்பட்டவை. குழல், விசை (விரலால் இழுக்கும் ட்ரிகர்), ஆக்‌ஷன் ஆகியவற்றில் கைவைக்க வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

மெஸ்கீட் எந்த மரம்? எங்கே வளர்கிறது?

டெக்சஸ், ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ, அரிசோனா, வடக்கு மெக்சிகோ ஆகிய பகுதிகளில் தானாகவே மண்டி வளரும் முள்மரம். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீமைக் கருவேலம் இதற்கு நெருங்கிய உறவு. ஸ்டாக் செய்யப் பெரும்பாலும் டெக்சஸில் அதிகமாக வளரும் ஹனி மெஸ்கீட்டும், அரிசோனா, சொனோரா பக்கத்து வெல்வெட் மெஸ்கீட்டும் கிடைக்கும். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது களை. வேரோடு பிடுங்கி எறிவார்கள், இல்லையென்றால் இறைச்சி சுட விறகாக விற்றுவிடுவார்கள். அதனால் இந்த மரத்தை வெட்டுவதில் காடு அழிகிறதே என்ற உறுத்தல் இல்லை. விறகுக் குவியலுக்குப் போகவிருந்த ஒரு நல்ல அடிமரம் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும் ஸ்டாக்காக மாறுவதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

வால்நட் இருக்கும்போது மெஸ்கீட் எதற்கு?

மெஸ்கீட் அசையாது என்பதற்காகத்தான். அழகும் கடினமும் அதற்கு அடுத்துத்தான் வரும்.

எந்த மரமும் ஈரத்தை இழந்தால் சுருங்கும், ஈரம் ஏறினால் உப்பும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று ஒவ்வொரு மரத்துக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். கறுப்பு வால்நட் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். ஹனி மெஸ்கீட்டில் இதே அளவுகள் 3.2, 1.6 மட்டுமே. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், வால்நட் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் குறையும், மெஸ்கீட் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும்.

இதனால் சுடுபவருக்கு என்ன லாபம்? ஸ்டாக்கின் முன்கட்டை மழைக்காலத்தில் கொஞ்சம் கோணிக்கொண்டு குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் போதும், குண்டு விழும் இடம் மாறிவிடும். கோடையில் சரிபார்த்து வைத்த ரைபிள் ஈரக் காற்றில் இடம் தவறிச் சுடுவதற்கு மரம் உப்புவது ஒரு முக்கியக் காரணம். மெஸ்கீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் அன்டோனியோ நகரத்தில் மெஸ்கீட் கட்டைகளை அறுகோணமாக அறுத்துத் தெருவில் பதித்தார்கள். மழையும் வெயிலும் குதிரை வண்டிச் சக்கரமும் படும் இடத்துக்கு இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், அதன் குணத்தை அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

எடை எவ்வளவு கூடும்?

காய்ந்த ஹனி மெஸ்கீட் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 820 கிலோ. கறுப்பு வால்நட் 610, ஐரோப்பிய வால்நட் 640. கறுப்பு வால்நட்டில் 1 கிலோ வரும் ஸ்டாக்கை அதே வடிவில் மெஸ்கீட்டில் செதுக்கினால் 1.3 கிலோவைத் தாண்டும். தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மலையேறுபவருக்கு இது நிச்சயம் உறைக்கும்.

இந்த எடையால் நன்மையும் உண்டு. ரைபிளின் மொத்த எடை கூடக் கூடப் பின்னுதைப்பின் வேகம் குறையும். 3.6 கிலோ ரைபிள் 3.9 கிலோ ஆனால், அதே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், தோள்தகட்டுக்கு உள்ளே பின்கட்டையில் நீளவாக்கில் துளை போட்டு மரத்தை எடுக்கலாம். குழல் உட்காரும் பள்ளத்தின் அடியிலும் கொஞ்சம் தோண்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் பார்த்துச் செய்ய வேண்டும். பின்னால் மட்டும் தோண்டினால் ரைபிள் முன்பக்கம் தலைகவிழும், ஏந்திப் பிடிக்கும்போது கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பெயர்பெற்ற நிறுவனங்கள் மெஸ்கீட்டைப் பயன்படுத்தியிருக்கின்றனவா?

ஆம். ராய் வெதர்பி 1945-ல் கலிபோர்னியாவின் சவுத் கேட்டில் தொடங்கிய தொழிலின் ஆரம்பகாலத் தனித்தயாரிப்பு ரைபிள்களில் மெஸ்கீட் ஸ்டாக்குகள் உண்டு. சுடும்போது கன்னம் பதியும் உயர்ந்த பகுதியும் பளபளக்கும் பூச்சும் அந்தப் பாணியின் அடையாளம். பழைய ரைபிள் சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதிக ஆற்றல் கொண்ட மேக்னம் தோட்டாக்களின் உதையைத் தாங்கும் ஸ்டாக்குக்குக் கனமான, கடினமான மரம் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்டாக்குக்கான கட்டையைப் பார்த்து வாங்குவது எப்படி?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். மெஸ்கீட் நேராக வளராது. குட்டையாக, பல கிளையாகப் பிரிந்து, வளைந்து நெளிந்துதான் நிற்கும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளின் ஒற்றைத்துண்டு ஸ்டாக்குக்கு 32 முதல் 36 அங்குல நீளம், 2¼ முதல் 2½ அங்குல கனம், பின்பக்கம் 7 அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டும். இவ்வளவு நீளத்துக்குக் குறையில்லாத வைரக்கட்டை (மரத்தின் கெட்டியான உட்பகுதி) மெஸ்கீட்டில் கிடைப்பது அபூர்வம். களை மரம்தானே, விலை குறைவாக இருக்கும் என்று வருபவர்கள் நல்ல கட்டையின் விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைவது இதனால்தான்.

கட்டையைக் கையில் எடுத்ததும் எல்லாரும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அழகான சுழிகள், கரும் ரேகைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் முதலில் பிடியைப் பாருங்கள். விசைக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கும் அந்த ஒடுங்கிய பகுதிதான் ஸ்டாக்கிலேயே மெலிந்த இடம். கீழே விழுந்தாலும் பலமாக உதைத்தாலும் முதலில் உடைவது அங்கேதான். அங்கே மரத்தின் நார் பிடியின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அந்தக் கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கணுவோ வெடிப்போ உள்ளே சுருண்ட பட்டையோ பிடியில் இருந்தாலும் வேண்டாம்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கையோடு ஒரு அட்டையில் ஸ்டாக்கின் பக்கவாட்டு வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டையின் மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அரை அங்குலம் மேலே ஏற்றினால் ஒரு கணு தப்பிவிடும், கொஞ்சம் சாய்த்தால் நார் பிடியோடு சேர்ந்து ஓடும். ஒரு பக்கத்தில் சரியாக இருக்கிறது என்று திருப்தி அடைய வேண்டாம். கட்டையைத் திருப்பி மறுபக்கமும் அட்டையை வைத்துப் பாருங்கள். மெஸ்கீட்டில் நார் உள்ளே திரும்பிக்கொள்வது சாதாரணம்.

அப்புறம், ஒரு ஈரத்துணியால் கட்டையின் மேற்பரப்பைத் துடையுங்கள். வறண்டு வெளுத்திருக்கும் மேற்பரப்பில் ரேகையும் மயிரிழை வெடிப்பும் சேர்ந்தே எழும்பி வரும். ஈரம் ஆறும்போது உற்றுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாக நின்றால், அங்கே வெடிப்பு இருக்கிறது. இரு முனைகளிலும் வளையத்தை ஒட்டி மரம் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வளையப் பிரிவை மெஸ்கீட்டில் கவனமாகப் பார்க்க வேண்டும். மேலே ஒரு அங்குலம் தெரிவது உள்ளே எத்தனை அங்குலம் போகும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கடைசியாக, கட்டையை ஒரு முனையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் சத்தம் செத்துப்போகும்.

வேலியோரத்து மரம் என்றால் உள்ளே பழைய கம்பியோ ஆணியோ புதைந்திருக்க வாய்ப்புண்டு. ரம்பத்தில் கொடுக்கும் முன் உலோகம் காட்டும் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

வண்டுத் துளைகள், பிசின் பைகள் இருந்தால் தள்ளிவிட வேண்டுமா?

எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. துளையே இல்லாத மெஸ்கீட்டைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின்கட்டையின் நடுப்பகுதியில் உள்ள துளைகளை எபாக்சி (கெட்டியாக இறுகும் பிசின் பசை) ஊற்றி நிரப்பலாம். மரத்தூளைக் கலந்தால் நிறம் ஒத்துப்போகும் என்று நினைப்போம், ஆனால் எபாக்சியில் ஊறிய தூள் மரத்தை விடக் கருத்துத்தான் தெரியும். அதனால் கறுப்பு நிறமி கலந்து நிரப்பிவிடுவதே மேல், இயற்கையான கரும் ரேகை போலவே நிற்கும். தென்மேற்குப் பகுதிக் கைவினைஞர்கள் நீலப்பச்சைக் கல்லைப் பொடித்து மெஸ்கீட்டின் வெடிப்புகளில் பதிப்பார்கள். மேசையிலும் கிண்ணத்திலும் அது பிரமாதமாக இருக்கும். ஸ்டாக்கில் செய்வதானால் ஓரிரு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிடியிலும், ஆக்‌ஷன் உட்காரும் இடத்திலும், திருகுகள் போகும் இடத்திலும் குறை இருந்தால் எபாக்சி ஊற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

வெளிறு பகுதியை வைத்துக்கொள்ளலாமா?

பட்டையை ஒட்டிய வெளிப்பகுதிதான் வெளிறு. மெஸ்கீட்டில் அது மெல்லியது, மஞ்சள் நிறம். செம்பழுப்பு வைரத்துக்குப் பக்கத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வைரம் மக்காது, பூச்சியும் லேசில் அண்டாது. வெளிறு அப்படியில்லை. மரத்தை மாவாக்கும் பவுடர்போஸ்ட் வண்டுக்கு அதுதான் விருந்து. முட்டையும் புழுவும் உள்ளே இருந்தால் ஸ்டாக் முடிந்த பிறகுகூடத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூளையில் சூடேற்றிக் காயவைத்த கட்டை என்றால் அந்தப் பயம் இல்லை. காற்றில் காய்ந்தது என்றால் வெளிறை எடுத்துவிடுவதே நல்லது.

எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும்?

ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம். காற்றில் காயவைத்தால் ஒரு அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. இரண்டரை அங்குலக் கட்டைக்கு அதன்படி இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். முனைகளில் மெழுகு பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்கும். ஈரமானி வைத்திருந்தால் கட்டையின் மேல்பரப்பில் மட்டும் குத்திப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்தி, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்று, அடுத்தடுத்த மாதங்களில் ஒரே அளவு காட்டினால் கட்டை தயார்.

மெஸ்கீட் அதிகம் சுருங்காதே, அரைகுறையாகக் காய்ந்ததில் வேலை தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. வால்நட்டை விடக் குறைவாகச் சுருங்குகிறது என்பதற்காகச் சுருங்கவே சுருங்காது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

செதுக்குவது கஷ்டமா?

கடினத்தை அளக்கும் ஜாங்கா சோதனையில் ஹனி மெஸ்கீட் 2,340 பவுண்டு தாங்குகிறது. கறுப்பு வால்நட் 1,010, கெட்டி மேப்பிள் 1,450. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உளி கூர்மையாக இருந்தால் மெஸ்கீட் சுத்தமாக வெட்டுப்படும், சீவல் சுருண்டு வரும், வேலைசெய்யும் இடமெல்லாம் லேசான இனிப்பு வாசனை பரவும். கூர் மழுங்கிய உளிக்கு மட்டும் அது கருணை காட்டாது. அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள். இயந்திர ரம்பத்துக்கும் ரவுட்டருக்கும் கார்பைடு முனைகளே சரி.

நார் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும் இடங்களில், குறிப்பாகக் கிளை பிரியும் பகுதியில், இழைப்புளி பிய்த்துக்கொண்டு வரும். அங்கே இழைப்புளியை வைத்துவிட்டு அரமும் சுரண்டு தகடும் எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பிய்ந்த குழியை நிரவ ஸ்டாக் முழுவதையும் மெலிய வைப்பதை விட அது மேல்.

தூள் ஆபத்தானதா?

ஆம், அலட்சியம் வேண்டாம். மெஸ்கீட் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும், மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சலையும் உண்டாக்கும். நுண்தூளைத் தடுக்கும் முகமூடி, தூள் உறிஞ்சும் இயந்திரம், முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் நுண்தூள் அதிகம் கிளம்பும்.

உலோகப் பாகங்களை மரத்தில் பதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரைபிளில் தோட்டா இல்லை என்பதை மேகசினையும் அறையையும் திறந்து உறுதி செய்துகொண்டுதான் கழற்ற வேண்டும். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது.

உலோகத்தின் அடியில் மெல்லிசாகப் பதிப்பு மை தடவி, பள்ளத்தில் இறக்கி, மெல்லத் தட்டி எடுப்பார்கள். மை ஒட்டிய இடம் மேடு. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இப்படியே மயிரளவு மயிரளவாக இறங்கும். மெஸ்கீட்டில் கரும் ரேகை ஓடும் இடத்தில் கறுப்பு மை கண்ணுக்குச் சிக்காது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மை பட்ட இடம் பளபளப்பாகக் காட்டிக்கொடுக்கும். நீல மை பயன்படுத்தினால் இன்னும் எளிது.

உதையின் விசையை மரத்துக்குக் கடத்துவது ரீகாயில் லக் என்ற உலோகப் புடைப்பு. அது மரத்தின் பின்சுவரில் முழுமையாகப் பதிந்து நிற்க வேண்டும். ஆக்‌ஷனின் பின்வால் (பிடியை நோக்கி நீளும் பின்முனை) முடியும் இடத்தில் மாத்திரம் மரத்துக்கும் உலோகத்துக்கும் இடையே சிறு இடைவெளி விடுங்கள். அந்த இடம் முட்டினால் ஒவ்வொரு சுடுதலிலும் அது ஆப்பு அடிப்பது போல வேலை செய்து பிடியைப் பிளந்துவிடும். மெஸ்கீட் கடினமானது, ஆனால் நார்வாக்கில் பிளக்கக்கூடியது. கடினம் வேறு, பிளவைத் தாங்கும் குணம் வேறு.

மரமே இவ்வளவு உறுதியாக இருக்கும்போது எபாக்சிப் படுக்கை (உலோகம் அசையாமல் உட்கார அதன் அடியில் ஊற்றும் எபாக்சி) தேவையா என்றால், தேவை என்பேன். லக்கைச் சுற்றி எபாக்சி, திருகுகளுக்கு அலுமினியத் தூண்கள், குழலுக்கு முழு நீளமும் இடைவெளி. மேக்னம் தோட்டா என்றால் லக்குக்குப் பின்னால் ஒரு குறுக்குப் போல்ட்டும் போட்டுவிடுங்கள்.

செக்கரிங் நன்றாக வருமா?

பிடியிலும் முன்கட்டையிலும் கை வழுக்காமல் இருக்க வெட்டும் குறுக்குக்கோட்டு வேலைதான் செக்கரிங். மெஸ்கீட்டில் வரும், ஆனால் மிக நுணுக்கமாகப் போகாதீர்கள். நல்ல ஐரோப்பிய வால்நட்டில் அங்குலத்துக்கு 24 கோடுகள் வெட்டலாம். மெஸ்கீட்டின் துளைகள் பெரியவை. கோடுகள் நெருங்கினால் வைர வடிவக் கூர்கள் துளை இருக்கும் இடத்தில் உதிர்ந்துவிடும். 18 முதல் 20 கோடுகள் போதும், கைக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும்.

எண்ணெய் பூசலாமா, பாலியூரித்தேன் பூசலாமா?

இரண்டும் ஒட்டும். எனக்குப் பிடித்தது டங் ஆயில், அல்லது ஆளிவிதை எண்ணெய் அடிப்படையிலான ஸ்டாக் பூச்சு. முதல் சில பூச்சுகளை நீர்க்க விட்டு உள்ளே இறங்கச் செய்ய வேண்டும். பிறகு எண்ணெய் ஈரமாக இருக்கும்போதே 320, அப்புறம் 400 எண் உப்புத்தாளால் தேய்த்தால், மரத்தூளும் எண்ணெயும் குழைந்து துளைகளை அடைக்கும். காயவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். வால்நட்டை விட மெஸ்கீட்டுக்கு இந்தச் சுற்றுகள் அதிகம் பிடிக்கும். துளைகள் அடையும் முன் அவசரப்பட்டுப் பளபளப்புப் பூச்சு அடித்தால், வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையும் குண்டூசிக் குத்துப் போலத் தெரியும்.

இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். மெஸ்கீட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. இரும்புத் துகள் துளைக்குள் தங்கி ஈரம் பட்டால் கரும்புள்ளி விழும். செயற்கை இழைத் தேய்ப்பான் பயன்படுத்துங்கள். அதே காரணத்தால் குழல் பள்ளம், விசைக்கான குழி, தோள்தகட்டின் அடியில் உள்ள முனைமரம் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகம்) என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களையும் பூச்சு போட்டு அடைத்துவிட வேண்டும். ஈரம் உள்ளே ஏறுவது பெரும்பாலும் அந்த முனைமரம் வழியாகத்தான்.

நிறம் மாறுமா? சாயம் ஏற்றலாமா?

புதிதாக வெட்டியபோது தேன் நிறமாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும். ஒளியும் காற்றும் படப்பட ஆழ்ந்த செம்பழுப்பாக மாறும். சாயம் வேண்டாம். அவசரமாக இருந்தால் பூச்சுக்கு முன் சில நாள் வெயில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வைத்தாலே நிறம் இறங்கும்.

எந்த ரைபிளுக்கு மெஸ்கீட் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

இலக்குச் சுடும் ரைபிள், மேடையில் வைத்துச் சுடும் ரைபிள், ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருந்து வேட்டையாடுபவரின் ரைபிள், பலமாக உதைக்கும் மேக்னம் ஆகியவற்றுக்கு மெஸ்கீட்டைத் தயங்காமல் சொல்வேன். மலையில் ஏறித் திரிபவரின் இலகு ரைபிளுக்கு வேண்டாம். லீவர் ஆக்‌ஷன் போன்ற இரண்டு துண்டு ஸ்டாக்குகளுக்கு இது மிகவும் தோதானது. துண்டுகள் குட்டை என்பதால் குறையில்லாத கட்டை எளிதில் கிடைக்கும், விலையும் இறங்கும். முதன்முதலாக மெஸ்கீட்டில் கைவைப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

செய்து முடித்த ஸ்டாக்கை எப்படிப் பராமரிப்பது?

மழையில் நனைந்தால் துடைத்து, சாதாரண அறை வெப்பத்தில் நிறுத்திக் காயவிடுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். துப்பாக்கி எண்ணெய் ஆக்‌ஷனிலிருந்து பின்வால் வழியாக மரத்துக்குள் ஊறிப் பிடியைக் கறுத்து மிருதுவாக்கிவிடும். சுத்தம் செய்த பிறகு ரைபிளைக் குழல்வாய் கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் நிறுத்தினால் மிச்ச எண்ணெய் மரத்துக்கு வராது. எண்ணெய்ப் பூச்சு போட்ட ஸ்டாக்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை அதே எண்ணெயைச் சில துளி உள்ளங்கையில் விட்டு, சூடு ஏறும் வரை தேய்த்துவிட்டால் போதும். ஆக்‌ஷன் திருகுகளின் இறுக்கத்தையும் அந்தச் சமயத்திலேயே சரிபாருங்கள். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.